இணையமும் மேலோடியும்: ஒரு தளம் ஒரு மேலோடியில் மட்டும் தாமதிப்பது ஏன்?

மாணவர்களே, ‘ஓர் இணையத்தளம் மெதுவாகத் திறக்கின்றது; காரணம் தருக’ என்று கேட்டால் வகுப்பில் எல்லோரும் ஒரே குரலில் ‘சிக்னல் இல்லை சேர்’ என்பீர்கள். மலைநாட்டில் அது பெரும்பாலும் உண்மையும்கூட. மேட்டுக்கு ஏறினால் நான்கு கோடு, லயத்துக்கு இறங்கினால் ஒரு கோடு என்பது டிக்கோயாவிலும் மஸ்கெலியாவிலும் நமக்குப் பழகிய கதை. ஆனால் வினாவில் ‘ஒரு மேலோடியில் மட்டும்’ என்ற சொற்கள் சேர்ந்துவிட்டால் அந்த விடை பிழையாகிவிடும். ஏன் பிழை என்பதையே இங்கு பார்க்கப்போகிறோம்.

சென்ற வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சாதாரண தரம் முடித்த என் பழைய மாணவி ஒருத்தி தொழிற்பயிற்சி நெறி ஒன்றுக்கு இணையவழியில் விண்ணப்பிப்பதற்காகத் தன் அப்பாவுடன் ஹட்டனுக்கு வந்திருந்தாள். அன்று நள்ளிரவுடன் விண்ணப்ப முடிவு. அப்பா அன்றைய பேரை விட்டுவிட்டு வந்திருந்தார். கொமியூனிகேஷன் கடையில் ஒரு மணித்தியாலமாகப் படிவம் அரைகுறையாகத் திறந்து அப்படியே நின்றது. ஓர் எழுத்தைத் தட்டினால் வெகுநேரம் கழித்துத்தான் அது திரையில் விழுந்தது. “லைன் ஸ்லோ அண்ணே, நாளைக்கு வாங்க” என்று கடைத் தம்பி சொல்லிவிட்டான். நாளைக்கு வந்து என்ன பயன்? பிள்ளை எனக்குத் தொலைபேசி எடுத்தாள். வகுப்பு முடிந்திருந்தபடியால் போனேன்.

நான் செய்தது பெரிய வித்தை அன்று. அதே கணினியில் இருந்த மற்ற மேலோடியைத் திறந்து அதே முகவரியை இட்டேன். படிவம் சில விநாடிகளில் முழுமையாக வந்தது. அவள் நிரப்பினாள், அனுப்பினாள், உறுதிப்படுத்தற் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டாள். இருவரும் கடைசி பஸ்ஸையும் பிடித்துவிட்டார்கள். வேலை முடிந்தது, ஆனால் காரணம் தெரியவில்லை. அடுத்த நாள் இன்னொரு பிள்ளை அதே கதிரையில் வந்து உட்காருமே! ஆகவே கடைத் தம்பியும் நானும் கடை மூடும்வரை அந்தக் கணினியுடன் இருந்தோம்.

வேற்றுமை முறை

நான் கலைப் பட்டதாரி. கணினியைப் பட்டத்துக்காகப் படித்தவன் அல்லன். ஆனால் உயர்தரத்தில் அளவையியல் படித்தேன். ஜோன் ஸ்டுவர்ட் மில் என்னும் ஆங்கிலேய மெய்யியலாளர் 1843 இல் வெளியிட்ட தம் அளவையியல் நூலில் ‘வேற்றுமை முறை’ என ஒன்றை விளக்கியுள்ளார். இரண்டு சந்தர்ப்பங்களில் மற்றவையெல்லாம் ஒன்றாக இருந்து, ஒன்று மட்டும் வேறுபட்டு, விளைவும் வேறுபடுமாயின், காரணத்தை அந்த வேறுபட்ட ஒன்றிலேயே தேடவேண்டும். கணினிப் பழுது பார்ப்பவர்கள் மில்லின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். ஆனாலும் நாள்தோறும் அவர்கள் செய்வது இதைத்தான்.

இதை நம் கடைக்குப் பொருத்துவோம். இணைய இணைப்பு, ரவுட்டர், கணினியின் வன்பொருள், பணிசெயல் முறைமை, தொலைவில் உள்ள சேவையகம் ஆகிய அனைத்தும் இரண்டு மேலோடிகளுக்கும் பொதுவானவை. பொதுவானவற்றில் பழுது இருந்தால் இரண்டுமே தாமதித்திருக்கும். பெறுபேறு வெளியாகும் நாளில் நாடே ஒரு தளத்துக்குள் நுழையும்போது எந்த மேலோடியைத் திறந்தாலும் தாமதிப்பது இதனாலேயே. அது சேவையகத்தின் நெரிசல்.

ஒவ்வொரு மேலோடிக்கும் சொந்தமானவை வேறு. அது முன்னர் இறக்கிய கோப்புகளின் தற்காலிகச் சேமிப்பு, குக்கிகள், பின்னர் சேர்க்கப்பட்ட நீட்சிகள், அதன் பதிப்பு, பக்கத்தை வரைந்து காட்டும் உள்ளியந்திரம் என்பன அவை. பதிலிச் சேவையகத்துக்கும் ஆள்களப் பெயர் முறைமைக்கும் சில மேலோடிகளில் தனி அமைப்புகள் உண்டு. பயர்பொக்ஸில் பதிலிச் சேவையகத்தைத் தனியாகக் குறிக்கலாம். விண்டோஸில் குரோம் பொதுவாகப் பணிசெயல் முறைமையின் அமைப்பையே பின்பற்றும்.

கவனிக்க: மேலோடியின் தற்காலிகச் சேமிப்பையும் ‘கேஷ்’ என்பர், மத்திய செயற்பாட்டலகுடன் சேர்ந்த பதுக்கு நினைவகத்தையும் ‘கேஷ்’ என்பர். முன்னையது வன்தட்டில் உள்ள கோப்புகள், பின்னையது வன்பொருள். இரண்டையும் குழப்பி எழுதிய விடைகள் பலவற்றை நான் திருத்தியிருக்கிறேன்.

ஒப்பீடு நியாயமாக இருக்கவேண்டும்

ஒரு தளத்தை ஒரு மேலோடியில் பத்துத் தடவை பார்த்திருப்போம். படங்களும் எழுத்துருக்களும் அதில் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கும். மற்ற மேலோடியில் முதன்முறையாகத் திறந்தால் எல்லாம் புதிதாக இறங்கவேண்டும். ஆகவே அது தாமதிக்கும். இதைப் பார்த்து ‘இந்த மேலோடி சரியில்லை’ என்று சொல்வது அநியாயம். இரண்டிலும் தனிப்பட்ட சாளரத்தைத் திறந்து ஒப்பிடுவதே சரி. குரோமிலும் எட்ஜிலும் கொன்ட்ரோல், ஷிப்ட், என் ஆகிய விசைகளையும், பயர்பொக்ஸில் கொன்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய விசைகளையும் ஒருசேர அழுத்தினால் அது திறக்கும். அந்தச் சாளரத்தில் பழைய குக்கிகளும் பழைய சேமிப்பும் இரா. நாம் தனியாக அனுமதி கொடுத்தாலன்றி நீட்சிகளும் பொதுவாக இயங்கா.

கைப்பேசியில் இன்னொரு பொறி உண்டு. 2006 இல் உலகெங்கும் வெளியான ஓபரா மினி, பட்டன் கைப்பேசிகளிலும் இணையத்தைத் திறந்து காட்டியது. தளத்தை முதலில் ஓபராவின் சேவையகம் பெற்று, சுருக்கி, பின்னரே கைப்பேசிக்கு அனுப்பும். ஆகவே அதை குரோமுடன் ஒப்பிடும்போது மேலோடி மட்டுமல்ல, தரவு வரும் பாதையே வேறாகிறது. மில்லின் நிபந்தனை அங்கு உடைந்துவிடுகிறது. அப்படிச் சுருக்கி வரும் பக்கங்களில் சில விண்ணப்பப் படிவங்கள் ஒழுங்காக இயங்காமற் போவதும் உண்டு.

கடையில் நாங்கள் கண்டது

முதலில் தாமதித்த மேலோடியில் வேறு தளங்களைத் திறந்தோம். செய்தித்தளம் உடனே வந்தது. எனவே அந்த மேலோடி முழுவதும் மந்தம் என்று சொல்லமுடியாது. அடுத்து எப் 12 விசையை அழுத்தி, ‘நெட்வேர்க்’ என்ற பகுதியைத் திறந்துவைத்துக்கொண்டு படிவத்தை மீண்டும் ஏற்றினோம். ஒரு பக்கம் என்று நாம் சொல்வது உண்மையில் பல கோப்புகள். ஒவ்வொன்றும் வந்துசேர எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை இப்பகுதி வரி வரியாகக் காட்டும். ஒரு வரியைத் தெரிவுசெய்தால் அந்த நேரம் எங்கே செலவானது என்பதும் தெரியும். முகவரியைக் கண்டறிவதில் நீண்ட நேரம் போயிருந்தால் ஆள்களப் பெயர் முறைமையைச் சந்தேகிக்கலாம். சேவையகத்தின் பதிலுக்குக் காத்திருப்பதில் போயிருந்தால் தாமதம் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில். தரவு இறங்குவதில் போயிருந்தால் கோப்பு பெரிது அல்லது இணைப்பு மெது.

நாங்கள் பார்த்தபோது எல்லாக் கோப்புகளும் சில விநாடிகளில் வந்துசேர்ந்துவிட்டன. ஆனால் பக்கம் இன்னும் உறைந்தே இருந்தது! இது முக்கியமான இடம். சாமான் எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டது, சமையல்தான் நடக்கவில்லை. அப்படியானால் ‘லைன் ஸ்லோ’ என்ற பேச்சுக்கே இடமில்லை. தாமதம் கணினிக்குள், மேலோடி செய்யும் வேலையில் இருக்கிறது.

தனிப்பட்ட சாளரத்தில் அதே படிவம் உடனே திறந்தது. எனவே எஞ்சியவை பழைய சேமிப்பு, குக்கி, நீட்சி ஆகியனவே. இவ்விடத்தில் பலர் அவசரப்பட்டு எல்லாவற்றையும் அழித்துவிடுவர். அழித்தால் சில வேளை சரியாகும். ஆனால் எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும். மேலும், சேமிப்பை அழித்தால் எல்லாத் தளங்களின் படங்களும் மறுபடி முதலிலிருந்து இறங்கும். ரீலோட் போட்டு எண்ணி எண்ணிச் செலவழிக்கும் டேட்டா அதில் வீணாகும். ஆகவே டேட்டா செலவில்லாத சோதனையையே முதலில் செய்தோம். நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒவ்வொரு முறையும் படிவத்தை ஏற்றிப் பார்த்தோம்.

மூன்றாவது நீட்சியை நிறுத்தியதும் படிவம் சரியானது. அது ஆங்கில எழுத்துப்பிழை திருத்தும் நீட்சி. யாரோ ஒரு வாடிக்கையாளர் வேலைக்குக் கடிதம் எழுதப் போட்டுவிட்டுப் போனது. எழுத்துப் பெட்டி எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் அது நுழைந்து பார்க்கும். அந்த விண்ணப்பத்திலோ எழுத்துப் பெட்டிகள் ஏராளம். செய்தித்தளத்தில் அப்படி இல்லை. ஒரு தளம் மட்டும், ஒரு மேலோடியில் மட்டும் தாமதித்தமைக்கு இரண்டு பக்கமும் விளக்கம் கிடைத்துவிட்டது. அதை மீண்டும் இயக்கிப் பார்த்தோம். படிவம் மறுபடி உறைந்தது. இப்படித் திரும்பச் செய்து பார்க்காதவரை ‘காரணம் கண்டோம்’ என்று நான் எழுதமாட்டேன்.

நம் கையில் இல்லாத காரணங்கள்

எல்லாத் தாமதங்களும் பயனரின் கணினியில் பிறப்பன அல்ல. 2018 ஜூலையில் மொசில்லாவின் தொழினுட்ப முகாமையாளர் கிறிஸ் பீட்டர்சன், யூடியூப் பக்கங்கள் குரோமை விடப் பயர்பொக்ஸிலும் எட்ஜிலும் 5 மடங்கு மெதுவாகத் திறக்கின்றன என்று பகிரங்கமாகச் சுட்டிக்காட்டினார். யூடியூப்பின் புதிய வடிவமைப்பு ‘ஷடோ டொம்’ என்ற வசதியின் பழைய பதிப்பை நம்பியிருந்தது. அதை அப்போது குரோமின் உள்ளியந்திரமே நேரடியாக அறிந்திருந்தது. மற்ற மேலோடிகளுக்கு அதே வேலையைப் பாவனை செய்யும் நிரப்பு நிரல் ஒன்று சேர்த்து அனுப்பப்பட்டது. அதை இயக்குவதில் நேரம் போனது. வேடிக்கை என்னவென்றால், மிகப் பழையதான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11 இற்கு யூடியூப் பழைய வடிவமைப்பையே அனுப்பிக்கொண்டிருந்தது. இங்கு சேமிப்பை எத்தனை முறை அழித்தாலும் பயனில்லை.

2023 நவம்பரில் அதே யூடியூப்பில் இன்னொரு சம்பவம். பயர்பொக்ஸில் காணொளி தொடங்க 5 விநாடி தாமதிக்கிறது என்று பயனர்கள் முறையிட்டனர். குரோமுக்குப் போட்டியான மேலோடியை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறார்கள் என்ற பேச்சும் பரவியது. விளம்பரத் தடுப்பு நீட்சி பயன்படுத்துவோருக்கு, எந்த மேலோடியானாலும், இத்தகைய தாமதம் ஏற்படலாம் என்று யூடியூப் விளக்கமளித்தது. 2018 இலும் 2023 இலும் வெளித்தோற்றம் ஒன்றே: ‘பயர்பொக்ஸில் யூடியூப் மெது’. காரணங்களோ வேறு. முதலாவதில் தளத்தின் நிரலாக்கம். இரண்டாவதில் நீட்சிக்கும் தளத்துக்கும் இடையிலான இழுபறி. தோற்றத்தை மட்டும் பார்த்து விடை எழுதுவோர் இங்குதான் வழுக்குகின்றனர்.

உள்ளியந்திரம் பற்றி ஒரு சொல். குரோம், ஓபரா, 2020 ஜனவரியின் பின்னர் வந்த புதிய எட்ஜ் ஆகியவை ‘பிளிங்க்’ என்ற ஒரே இயந்திரத்தைப் பயன்படுத்துகின்றன. பயர்பொக்ஸின் இயந்திரம் ‘கெக்கோ’. எனவே குரோமிலும் எட்ஜிலும் ஒப்பிட்டுவிட்டு ‘இயந்திரம் காரணமல்ல’ என்று முடிவுகட்டலாகாது.

பழைய கணினிகள் உள்ள இடங்களில் பதிப்பையும் பாருங்கள். குரோம் 2016 இல் விண்டோஸ் எக்ஸ்பியைக் கைவிட்டது. விண்டோஸ் 7 இல் அதன் 109 ஆம் பதிப்புடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 10 இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11 இற்கான ஆதரவு 2022 ஜூன் 15 இல் முடிந்தது. இன்றைய தளங்கள் இத்தகைய பதிப்புகளில் தாமதிக்கலாம், உடைந்து தெரியலாம், திறக்காமலே போகலாம்.

பயிற்சி வினா

ஒரு மாணவன் கணினியில் ‘அ’ என்ற மேலோடியில் ஓர் இணையத்தளத்தைத் திறக்கிறான். 40 விநாடி ஆகிறது. அதே நேரத்தில் அதே தளம் ‘ஆ’ மேலோடியில் 4 விநாடியில் திறக்கிறது. ‘அ’ இல் மற்றத் தளங்கள் விரைவாகத் திறக்கின்றன.

(i) இணைய இணைப்பின் வேகக்குறைவு இதற்குக் காரணமாகாது. ஏன்?
மாதிரி விடை: இரண்டு மேலோடிகளும் ஒரே இணைப்பைப் பயன்படுத்துகின்றன. இணைப்பில் குறை இருப்பின் ‘ஆ’ இலும், ‘அ’ இல் திறக்கும் மற்றத் தளங்களிலும் தாமதம் தெரிந்திருக்கும்.

(ii) ‘அ’ இன் தனிப்பட்ட சாளரத்திலும் 40 விநாடியே ஆகிறது. இதனால் எவற்றின் மீதான சந்தேகம் குறைகிறது?
மாதிரி விடை: பழைய தற்காலிகச் சேமிப்பு, குக்கிகள், தனிப்பட்ட சாளரத்தில் இயங்காத நீட்சிகள்.

(iii) இந்நிலையில் அடுத்ததாக நீங்கள் செய்யும் இரண்டு சோதனைகளையும், ஒவ்வொன்றிலிருந்தும் எதை அறிய எதிர்பார்க்கிறீர்கள் என்பதையும் எழுதுக. இதற்கு விடையை நான் தரவில்லை. எழுதிக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள்.