மருத்துவர் சொன்னதும் நான் சொன்னதும்

நம்மில் பலர் வீட்டின் மொழிபெயர்ப்பாளர்கள். வங்கிக் கடிதமாயினும் வருமான வரிப் பாரமாயினும், "படிச்ச பிள்ளை, நீ பார்த்துச் சொல்லு" என்று நம் கைக்கு வந்துவிடும். பாரத்தில் பிழை நேர்ந்தால் திருத்தி எழுதிக் கொடுக்கலாம். புற்றுநோய்ச் சிகிச்சை அறையில் நேரும் பிழை அப்படிப்பட்டதன்று. அத்தகைய பிழை ஒன்றை நான் செய்திருக்கிறேன். அதனால்தான் இக்கட்டுரை.

அப்போது நான் இரண்டாம் ஆண்டு மாணவி. அம்மாவின் மார்பகத்திலிருந்த கட்டியில் ஊசி செலுத்தித் திசு எடுத்திருந்தார்கள். முடிவைக் கேட்க நான் உடன் சென்றேன். மருத்துவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து வேகமாக விளக்கினார். "தஹாப் சாத்து, கிரேட் தீகா" என்றார். பதற்றத்தில் என் காதில் நின்றது கடைசிச் சொல் மட்டுமே. "மூன்றாம் நிலையாம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

பேருந்தில் அம்மா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "எனக்கு ஆபரேஷன் வேண்டாம் பாப்பா. இருக்கிற காசு தம்பி படிப்புக்கு ஆகட்டும்" என்றார். இரண்டு வாரம் எங்கள் பேச்சு எதுவும் எடுபடவில்லை. அடுத்த சந்திப்பில் அறிக்கையைப் பார்த்த தமிழ்த் தாதி ஒருவர்தான், "யாரும்மா மூன்றாம் நிலை என்று சொன்னது? உங்களுக்கு முதல் நிலைதான்" என்றார். நான் தலைகுனிந்து நின்றேன்.

நிலை வேறு, தரம் வேறு

'ஸ்டேஜ்' என்பதை மலாயில் 'தஹாப்' என்பர், தமிழில் 'நிலை'. நோய் உடலில் எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதை அது காட்டும். கட்டியின் அளவு, அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களில் நோய் புகுந்துள்ளதா, தொலைவிலுள்ள உறுப்புகளை எட்டியுள்ளதா என்ற மூன்றும் இதற்கு அடிப்படை. அறிக்கையில் காணும் டி, என், எம் என்ற எழுத்துகள் இவற்றையே குறிக்கின்றன. பொதுவாக 0 முதல் 4 வரை நிலைகள் உண்டு.

'கிரேட்' என்பது வேறு. எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும்போது, நோயுற்ற உயிரணுக்கள் இயல்பான உயிரணுக்களிலிருந்து எவ்வளவு மாறியுள்ளன, எவ்வளவு விரைவாகப் பெருகுகின்றன என்பதற்கான மதிப்பீடு அது. மார்பகப் புற்றுநோயில் 1 முதல் 3 வரை அளவிடுவர். அம்மாவின் கட்டி சிறியது, பரவாதது. ஆனால் விரைந்து வளரும் வகை. அதாவது, காலம் தாழ்த்தாமல் சிகிச்சை பெற வேண்டியவர் அவர். என் ஒரு சொல் அவரைக் காலம் தாழ்த்த வைத்தது.

இங்கே தமிழிலும் ஒரு சிக்கல் உள்ளது. 'கிரேட்' என்பதற்கு அகராதி 'தரம்' என்று சொல்லும். ஆனால் 'உயர்தரம்' என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நல்ல அரிசிதான் நினைவுக்கு வரும். 'ஹை கிரேட்' என்பது நல்ல செய்தியன்று. எனவே, "உயிரணுக்கள் வேகமாக வளரும் வகை" என்று விரித்துச் சொல்வதே மேல்.

நல்ல சொல்போல் ஒலிப்பவை

'பாசிட்டிவ்' என்றால் அன்றாடப் பேச்சில் நல்லது. அறிக்கையில் அதற்கு 'இருக்கிறது' என்பது மட்டுமே பொருள். நிணநீர்க் கணு 'பாசிட்டிவ்' என்றால் அங்கே புற்றுநோய் உயிரணுக்கள் உள்ளன. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி 'பாசிட்டிவ்' என்றாலோ, தமோக்சிபென் போன்ற ஹார்மோன் சிகிச்சை பலன் தரும் வாய்ப்பு உண்டு. வெட்டியெடுத்த திசுவின் விளிம்பு 'நெகட்டிவ்' என்றால் ஓரத்தில் நோய் தென்படவில்லை என்று பொருள். இது மகிழ வேண்டிய செய்தி. ஆகவே, இச்சொற்களைக் கேட்டவுடன் "எது இருக்கிறது? எது இல்லை?" என்று கேளுங்கள்.

'ப்ரோக்ரெஷன்' என்பதை 'முன்னேற்றம்' என்று மொழிபெயர்த்தால் பெருந்தவறாகும். முன்னேறுவது நோயே தவிர நோயாளி அல்லர். "நோய் வளர்ந்திருக்கிறது" என்பதே சரி. 'ரெமிஷன்' என்பது நோயின் அறிகுறிகள் குறைந்த அல்லது மறைந்த நிலை. 'முழு ரெமிஷன்' என்றால் சோதனைகளில் நோய் தென்படவில்லை எனலாம். அதை உடனே 'குணமாகிவிட்டது' என்று சொன்னால், அடுத்த பரிசோதனைக்குப் போவதையே சிலர் நிறுத்திவிடுவர்.

ஐந்து ஆண்டுக் கணக்கு

'ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம்' என்றதும், இன்னும் ஐந்தாண்டுதான் ஆயுள் என்று குடும்பமே அழுவதுண்டு. அது கெடு அன்று. இத்தகைய நோய் கண்டறியப்பட்டவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கணக்கு அது. அவர்களில் பலர் அதற்குப் பின்னும் நெடுங்காலம் வாழ்கிறார்கள். அது பலரைப் பற்றிய கணக்கு. ஒருவரின் ஆயுளை அது சொல்லாது.

தணிப்பது கைவிடுவதன்று

'பேலியேட்டிவ்' என்ற சொல்லைக் கேட்டதும் "டாக்டர் கைவிரித்துவிட்டார்" என்பர். வலி, மூச்சுத்திணறல், மன உளைச்சல் ஆகியவற்றைத் தணிக்கும் பராமரிப்பு இது. நோயை எதிர்க்கும் சிகிச்சையோடு சேர்த்தே, தொடக்கத்திலிருந்தே இதைப் பெறலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நம் நாட்டில் 1991இல் தொடங்கப்பட்ட ஹோஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் நோயாளிகளின் வீடுதேடிச் சென்று இப்பணியைச் செய்துவருகிறது. சொல்லுக்கு அஞ்சி இவ்வுதவியை மறுத்தால், நோயாளி வீணாக வலியைச் சுமக்க நேரும்.

நாம் செய்யக்கூடியவை

உடன் செல்லும்போது ஒரு குறிப்பேடு கொண்டு செல்லுங்கள். புரியாத சொல்லை எழுதித் தரும்படி மருத்துவரிடமே கேளுங்கள். எண்ணைக் கேட்டால், அது எதைக் குறிக்கும் எண் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அறையை விட்டு வருமுன், "நான் புரிந்துகொண்டது இது, சரியா?" என்று திருப்பிச் சொல்லுங்கள். முடிந்தால் தமிழ் தெரிந்த தாதியரை அழைக்கச் சொல்லுங்கள். தெரியாததை ஊகித்துச் சொல்லாதீர்கள். "எனக்குப் புரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்பதில் வெட்கமில்லை. பட்டப்படிப்பு படிப்பதால் எனக்கு எல்லாம் புரியும் என்று அம்மா நம்பினார், நானும் நம்பினேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

அம்மா பின்னர் அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டார், கீமோவும் எடுத்தார். இன்று ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் சென்று வருகிறார். குறிப்பேட்டை இப்போது அவரே வைத்திருக்கிறார். மருத்துவர் புதுச்சொல் ஏதேனும் சொன்னால், எழுதித் தரும்படி முதலில் கேட்பவர் அவர்தான்.