வலிப்பு வந்த பிள்ளை ஆமியில் சேரலாமா?



ஓ.எல். எழுதிய பையன்கள் சிலர் ஆமி, பொலிஸ் என்று விண்ணப்பம் நிரப்ப எங்களிடம் வருகிறார்கள். கூட வரும் தாய்மார் மெதுவாகக் கேட்பது ஒன்று உண்டு. "ஐயா, இவனுக்குச் சின்ன வயசுல வலிப்பு வந்திச்சு. கேட்டா அதைச் சொல்லணுமா?" கட்டாயம் சொல்ல வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் இரண்டைப் பிரித்துக் கொள்ளுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை காய்ச்சலோடு வருவது காய்ச்சல் வலிப்பு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர அது நின்றுவிடும். காய்ச்சல் இல்லாமலே திரும்பத் திரும்ப வருவது வலிப்பு நோய். நம்ம ஆட்கள் இரண்டையும் காக்கா வலிப்பு என்பார்கள், முனி அடிச்சது என்று கயிறும் கட்டுவார்கள். மூளையில் ஓடும் மின்சாரம் கொஞ்ச நேரம் தாறுமாறாவதால் வருவது இது. முனிக்கு இதில் வேலையில்லை.

நமது நாட்டிலும் வைத்தியப் பரிசோதனையில் தேறினால்தான் படையில் எடுப்பார்கள். நிபந்தனை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கப் படைகளுக்கு 2018இல் வந்த விதி விளக்கமாக இருப்பதால் உதாரணத்துக்கு அதைச் சொல்கிறேன். 6ஆவது பிறந்த நாளுக்குப் பிறகு ஒரு தடவை வலிப்பு வந்திருந்தாலும் தகுதியில்லை. மருந்தே குடிக்காமல் 5 வருடம் வலிப்பு வராதிருந்து, நரம்பு வைத்தியரின் பரிசோதனையும் ஈ.ஈ.ஜி. என்ற மூளைப் பரிசோதனையும் சரியாக வந்தால் மட்டும் விலக்கு. அந்த ஈ.ஈ.ஜி.யையும் தூங்க விடாமல் வைத்திருந்துதான் எடுப்பார்கள். தூக்கம் கெட்டால் மறைந்திருக்கும் கோளாறு வெளியே தெரியும்.

விஷயமே இதில்தான் இருக்கிறது. ஆமிக்காரனின் வாழ்க்கை தூக்கம் கெட்ட வாழ்க்கை. ராத்திரி சென்றி, நேரத்துக்குச் சாப்பாடு இல்லை, மாத்திரை கிடைக்காத இடத்தில் பல நாள். கையில் குண்டு போட்ட துவக்கு வேறு. அந்த நேரம் வலிப்பு வந்தால் அவன் மட்டுமா ஆபத்தில்? பக்கத்தில் நிற்கிறவனும்தான். மறைத்துச் சேர்ந்தாலும் பயிற்சியிலேயே வெளியே வந்துவிடும்.

இதைவிட மோசம், பரிசோதனைக்குப் பயந்து மாத்திரையை நிறுத்துவது. பல வருடம் குடித்த மாத்திரையைத் திடீரென்று விட்டால், ஒரு வலிப்பு ஓயுமுன் அடுத்தது வந்து உயிரே போகலாம். 5 நிமிடத்துக்கு மேல் வலிப்பு நிற்காவிட்டால் 1990 இலவச அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கவ்வாத்துக் கத்தியைத் தேடிக் கையில் திணித்துக்கொண்டு நிற்க வேண்டாம். மாத்திரையைக் குறைப்பதானால் கிளினிக் டொக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். மேலே சொன்ன 5 வருடக் கணக்கைப் பார்த்து இன்றைக்கே மாத்திரையை வீசிவிடாதீங்க.

காய்ச்சல் வலிப்பு மட்டும் வந்த பிள்ளைக்கு உதவுவது பழைய கடுதாசி. எந்த வயதில் வந்தது, காய்ச்சல் இருந்ததா, கடைசியாக எப்போது, என்ன மருந்து என்று டொக்டர் கேட்பார். கிளினிக் கொப்பியும் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டும்போது தந்த காட்டும் இருந்தால் அதுவே பதில் சொல்லும். லயத்துக் கூரை ஒழுகி நனைஞ்சு போச்சு என்று பலர் சொல்கிறார்கள். பொலித்தீன் பையில் போட்டு, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.

ஆமி கிடைக்காவிட்டால் வாழ்க்கை முடிந்ததா? சரியான வைத்தியம் கிடைத்தால் 10 பேரில் 7 பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளினிக் இலவசம். கணக்கு வேலை, தையல், கடை, படித்துக்கொடுப்பது எல்லாம் செய்யலாம். லொறி ஓட்டுவது, உயரத்தில் ஏறுவது, பெக்டரி மெஷினில் நிற்பது இதெல்லாம் டொக்டரைக் கேட்டுத்தான். ஆமி இல்லாவிட்டால் கொழும்பில் செக்யூரிட்டி வேலை என்று போகிறவர்களும் உண்டு. அங்கேயும் தூக்கம் கெடும், பகல் ஷிப்ட் தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.