பழைய சக்கரத்தைச் சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

மண்பாண்டம் வனைகிற மின்சக்கரம் பழையதாகிவிட்டால் மூன்று குறைகள் சேர்ந்தே வரும். சுவிட்சைப் போட்டதும் உறுமும், தட்டு தள்ளாடும், மண் மையத்தில் நிற்காது. உடனே எல்லோருக்கும் மோட்டார் மேல்தான் சந்தேகம் போகும். நானும் ஒருமுறை நன்றாக இருந்த மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டக் கொடுத்தேன். திரும்ப வாங்கி மாட்டினால் அதே தள்ளாட்டம். கோளாறு தண்டைத் தாங்குகிற மேல் பேரிங்கில் இருந்தது. அன்றிலிருந்து தண்டைப் பார்க்காமல் மோட்டாரைத் தொடுவதில்லை.

பார்ப்பது கஷ்டமில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பெல்ட்டைக் கழற்றுங்கள். தட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். 'டொக்' என்று ஆட்டம் கொடுத்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அடுத்து தட்டைக் கழற்றி, தண்டின் தலைப் பக்கம் ஓர் ஊசியை அசையாமல் பிடித்துக்கொண்டு தண்டைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் ஊசிக்கும் தண்டுக்கும் நடுவே இடைவெளி விரிந்தால் தண்டு வளைந்திருக்கிறது. தண்டு ஒழுங்காகச் சுற்றி, தட்டை மாட்டியதும் மட்டும் தள்ளாடினால் குறை தட்டில் இருக்கிறது. லேத் பட்டறையில் கொடுத்து மேல்முகத்தைச் சீவி வாங்கினால் போதும்.

தண்டு நேராக இருந்தால் தயங்காமல் சரிசெய்யுங்கள். மற்ற எதுவும் மாற்றக்கூடியதே. தண்டு வளைந்திருந்தால் சுத்தியலால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள்; கண்ணுக்கு நேராகத் தெரியும், மண்ணுக்குத் தெரிந்துவிடும். பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் வெல்டிங் வைத்து நிரப்பிக் கடைந்து தருவதாகச் சிலர் சொல்வார்கள். அதைவிட இஎன்8 எஃகுக் கம்பியில் புதுத் தண்டு கடைந்துகொள்வது நல்லது. தண்டும் போய், சட்டமும் துருவேறி உளுத்திருந்தால் அந்தச் சக்கரத்தில் பணம் போட வேண்டாம்.

இனி பேரிங். பழையதைத் திறந்து பார்த்தால்தான் அது ஏன் கெட்டது என்று புரியும். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பசை இருக்கும். விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று உறுத்தும். தட்டிலிருந்து வழிந்த மண்குழம்பு தண்டோடு இறங்கி கிரீஸில் கலந்து, குண்டுகளை மாதக்கணக்கில் அரைத்திருக்கிறது. பல சக்கரங்களில் 25 மி.மீ. தண்டும் 6205 பேரிங்கும்தான் இருக்கும். பழைய பேரிங்கில் பொறித்த எண்ணைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். கடையில் இதிலேயே இரண்டு வகை தருவார்கள். இசட்இசட் என்று முடிவதில் இரண்டு பக்கமும் தகர மூடி. 2ஆர்எஸ் என்று முடிவதில் ரப்பர் மூடி. தகர மூடி சற்று லேசாகச் சுற்றும், ஆனால் ஓரத்தில் இடைவெளி உண்டு. மண்தண்ணீர் படுகிற இடத்துக்கு ரப்பர் மூடியைத்தான் வாங்க வேண்டும். சில நூறு ரூபாய் வேலை இது. தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் பொருந்தும் குழாய்த் துண்டை வைத்துத் தட்டுங்கள். வெளிவளையத்தில் அடித்தால் அடி முழுவதும் குண்டுகளில் இறங்கி, புது பேரிங் மாட்டும்போதே கெட்டுவிடும். கடைசியாக, தட்டுக்குக் கீழே தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் வாஷர் போடுங்கள். வழிகிற தண்ணீர் அதன் விளிம்பிலேயே சொட்டி, பேரிங்கை எட்டாது.

மோட்டாரில் மூன்று வழி உண்டு. கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டார் உறுமியும் சுற்றாமல் நின்றால், காயிலுக்குப் போகும் முன் கெப்பாசிட்டரை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். (பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், முனைகளை வெறுங்கையால் தொடாதீர்கள்.) இந்த வகையில் வேகத்தைக் குறைக்க ஃபேன் ரெகுலேட்டர் வைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். மண்ணை அழுத்தும்போது இழுவை இல்லாமல் நின்றுவிடும், மோட்டாரும் சூடேறிக் கருகும். டிசி மோட்டார் என்றால் வேகம் இழந்து பொறி பறப்பது கார்பன் பிரஷ் தேய்ந்ததால் இருக்கலாம். அதே அளவில் புது பிரஷ் போட்டு, உள்ளே கறுத்த செம்பை மெல்லிய உப்புத்தாளால் துடைத்தால் பழையபடி ஓடும்.

மோட்டாரையே மாற்றும் நிலை வந்தால் த்ரீ ஃபேஸ் மோட்டாரும், அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி கருவியும் வாங்குங்கள் என்பதே என் யோசனை. வீட்டு சிங்கிள் ஃபேஸ் மின்சாரத்திலேயே ஓட்டும் விஎஃப்டி கிடைக்கிறது. நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றும் மோட்டாரில் 2 அங்குல புல்லியும், தண்டில் 12 அங்குல புல்லியும் வைத்தால் தட்டின் உச்ச வேகம் 240 சுற்று. வனைவதற்கு அது தாராளம். புல்லியில் குறைக்காமல் விஎஃப்டியை மட்டும் நம்பினால் குறைந்த வேகத்தில் மோட்டாரின் விசிறியும் மெதுவாகிச் சூடு ஏறும். எதைப் போட்டாலும் எர்த் கம்பி சட்டத்தில் இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும். நாள் முழுக்க ஈரக்கையோடு வேலை செய்யும் இடம் இது.

பெல்ட்டைப் பற்றி ஒன்று. மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற சக்கரத்தில் வி-பெல்ட் புல்லியின் வளைவிலேயே படிந்துபோய், ஓட்டும்போது தட்டில் துடிப்பு தெரியும். புது பெல்ட் போட்டால் தீர்ந்தது.

புதிது வாங்குவது யாருக்கு? தண்டும் சட்டமும் சேர்ந்து போனவர்களுக்கு. பக்கத்தில் நம்பகமான லேத் பட்டறை இல்லாதவர்களுக்கு. தொழிலே மண்பாண்டம் என்றால் பல்லாயிரம் செலவழிக்கும் முன் காதி கிராமத் தொழில் ஆணையத்தில் விசாரியுங்கள். குயவர்களுக்கென்று 2018-ல் தொடங்கிய திட்டத்தில் மின்சக்கரமும் பயிற்சியும் தருகிறார்கள். ஆனால் புதுச் சக்கரம் வந்துவிட்டதென்று, கோலால் சுற்றும் பழைய கனத்த சக்கரத்தை எடைக்குப் போடாதீர்கள். அதன் எடையே அதன் மோட்டார். ஒருமுறை சுழற்றிவிட்டால் பெரிய மண்ணை அழுத்தினாலும் சட்டென்று நிற்காது. மின்சாரம் போன நேரத்திலும் அது ஓடும். அடிமுளை தேயாமல் பார்த்து எண்ணெய் விட்டு வைத்தால் போதும்.

சரிசெய்த சக்கரத்தில் உடனே மண்ணை வைக்காதீர்கள். பத்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பேரிங் கூட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். இளஞ்சூடாக இருந்தால் சரி. கை வைக்க முடியாமல் சுட்டால் பெல்ட் அதிகமாக முறுகியிருக்கிறது. நடுப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்கும் அளவுக்குத் தளர்த்தி, மறுபடி ஓட்டுங்கள்.