பாறைக்குள் தண்ணீர் இருக்குமா?

போன கோடையில் எங்கள் ஊரில் போர் போட்டார்கள். 400 அடி போயும் சாம்பல் கலர் புழுதிதான் வந்தது. "இன்னும் ஆழமாப் போட்டிருந்தா வந்திருக்கும் கண்ணு" என்று எங்க ஆயா இன்னும் சொல்றாங்க. ஆனால் நெய்வேலியில் தண்ணீர் அதிகம் என்று இரவு பகலாக இறைக்கிறார்கள்! ஏன் இப்படி? அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். ஒரு சோதனை செய்யச் சொன்னார்.

மூன்று டம்ளர் சோதனை

ஒரே அளவு டம்ளர் மூன்று எடுத்தேன்.
1. சலித்த ஓடை மணல்.
2. சலிக்காத மணலும் செம்மண்ணும்.
3. சலித்த மணலில் பாதிக்குப் பாதி சிமெண்டு, நனைத்து இரண்டு நாள் காயவைத்தது.

மருந்து பாட்டில் மூடியால் தண்ணீர் ஊற்றினேன். முதல் டம்ளர் 7 மூடி குடித்தது. இரண்டாவது 4 மூடிதான், அதுவும் மெதுவாக. மூன்றாவதில் தண்ணீர் அப்படியே மேலே நின்னுடுச்சு.

மூன்றிலும் மணல்தான். அப்புறம் ஏன் வித்தியாசம்? மணிகளுக்கு நடுவே உள்ள சந்துதான் காரணம்.

படியும்போது நடப்பது

ஆறு வேகமாக ஓடும் இடத்தில் களிமண் அடித்துக்கொண்டு போய்விடும், மணல் மட்டும் தங்கும். கடற்கரையில் அலை மணலைத் திரும்பத் திரும்பச் சலிக்கும். அங்கே சந்து அதிகம். வெள்ளம் தேங்கும் இடத்தில் களிமண்ணும் சேர்ந்து படிந்து சந்தை அடைத்துவிடும்.

படிந்த பிறகு நடப்பது

மேலே மேலே மண் சேர்ந்து அழுத்தும். புது மணலில் நூற்றுக்கு 40 பங்கு வரை சந்து இருக்கும். பல ஆயிரம் அடி ஆழத்தில் அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். தண்ணீரில் கரைந்த சிலிக்காவும் சுண்ணாம்பும் சந்துக்குள் படிந்து, சிமெண்டு மாதிரி ஒட்டும். இப்படித்தான் மணல் மணற்கல் ஆகிறது. சில சமயம் அதே தண்ணீர் சில மணிகளைக் கரைத்துப் புதுச் சந்தும் உண்டாக்கும்.

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லான மரங்கள் உள்ளன. ஆறு அடித்து வந்த மரங்கள் மணலில் புதைந்து, சிலிக்கா ஏறிக் கல்லானவை. வயது சுமார் 2 கோடி ஆண்டுகள்!

நெய்வேலியும் நரிமணமும்

நெய்வேலி நிலக்கரிக்கு அடியில் இருப்பது கடலூர் மணற்கல். அதன் சந்துகள் இன்னும் அடைபடவில்லை. உள்ளே தண்ணீர் அழுத்தத்தோடு இருக்கிறது. இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வரும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் பீறிட்ட தண்ணீரோடு கறுப்புத் துகள் வந்ததால்தான் நிலக்கரியே தெரியவந்தது.

நாகப்பட்டினம் மாவட்டம் நரிமணத்தில் எண்ணெய் எடுக்கிறார்கள். பூமிக்குள் எண்ணெய் ஏரி மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது தப்பு. பாறையின் சந்துகளில்தான் இருக்கிறது. சந்து அடைந்துபோன பாறையில் துளை போட்டால் செலவு வீண்.

நம்ம ஜவ்வாது மலை?

நம் மலையில் இருப்பது சார்னோக்கைட், நைஸ் போன்ற பாறைகள். பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. மணிகளுக்கு நடுவே சந்தே கிடையாது. வெடிப்புகளிலும், மேலே உளுத்துப்போன பகுதியிலும்தான் தண்ணீர் நிற்கும். ஆழம் போகப் போக வெடிப்பும் குறையும். அப்படியானால் நம்முடைய 'முதல் டம்ளர்' எது? மேல் மண்தான்! அது மழையில் கரைந்து செய்யாற்றில் போய், பாலாற்றில் சேர்ந்து, கடலுக்குப் போகிறது. என்றோ ஒரு நாள் அங்கே மணற்கல் ஆகலாம். நமக்கு என்ன மிச்சம்?

டம்ளர்களை ஆயாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "அதுக்குத்தான் எங்கப்பா சாமைக் கொல்லையில குறுக்கே கல்லு அடுக்கினாரு. நாங்கதான் சரிஞ்சதை எடுத்து வைக்காம விட்டுட்டோம்" என்றாங்க.

ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் ஒரு வரிசைக் கல்லைத் திரும்ப அடுக்கினோம். உங்கள் கொல்லையில் எத்தனை வரிசை சரிந்திருக்கிறது? எண்ணிப் பார்த்து, இந்தத் தாளின் கீழே எழுதுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி