ஓடிக்கொண்டே நிற்கும் கோள்

சென்ற கோடை விடுமுறையில் என் தாத்தா கேட்ட ஒரு கேள்விக்குத் தவறான விடை சொல்லிவிட்டேன். இயற்பியல் மாணவனாகிய எனக்கு அது பெரிய வெட்கமாயிற்று.

எங்கள் மொட்டை மாடியில் தொலைக்காட்சிக்கான குடை ஒன்று உண்டு. "சந்திரன் இந்தப் பக்கம் எழுந்து அந்தப் பக்கம் இறங்குகிறான். இந்தக் குடை மட்டும் எந்நேரமும் ஒரே இடத்தைப் பார்க்கிறதே! அங்கே நிற்கிற சாமான் கீழே விழாதாடா?" என்றார்.

"அவ்வளவு உயரத்தில் ஈர்ப்பு கிடையாது தாத்தா" என்றேன். அவர் நம்பிவிட்டார். இரவில் எனக்குத்தான் உறுத்தியது. ஈர்ப்பு இல்லையென்றால், இன்னும் தொலைவிலுள்ள சந்திரனைப் பூமி எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது?

அங்கும் ஈர்ப்பு உண்டு. தரையில் உள்ளதில் ஏறத்தாழ 44-இல் ஒரு பங்கு. செயற்கைக்கோள் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஒரு வினாடியில் சுமார் 3 கி.மீ. பக்கவாட்டில் பாய்கிறது, அதே வினாடியில் பூமியை நோக்கி 11 செ.மீ. விழுகிறது. அந்த 11 செ.மீ.தான் அதன் நேர்வழியை வளைத்து வட்டமாக்குகிறது.

பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 23 மணி 56 நிமிடம் ஆகிறது. கோளும் அதே நேரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றினால், நமக்கு அது நிற்பதாகவே தோன்றும். சுழலும் ராட்டினத் தட்டின் நடுவில் நிற்பவனுக்கு, ஓரத்து மரக்குதிரை நகர்வதாகத் தெரிவதில்லை அல்லவா?

உயரத்தைக் கணக்கிடத் தாத்தாவின் பஞ்சாங்கமே உதவிற்று. நாளுக்கு ஒரு நட்சத்திரமாகச் சந்திரன் 27 நட்சத்திரங்களைக் கடக்கிறது. அதாவது ஒரு சுற்றுக்குச் சுமார் 27 நாள். சுற்றுக் காலத்தின் வர்க்கம் தொலைவின் கனத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது கெப்ளரின் மூன்றாம் விதி. 27-இன் வர்க்கம் 729. அதன் கனமூலம் 9! ஆகவே ஒரே நாளில் சுற்றும் கோள், சந்திரனின் தொலைவில் ஒன்பதில் ஒரு பங்கில் இருக்க வேண்டும். 3,84,000 கி.மீ.யை 9-ஆல் வகுத்தால் சுமார் 42,700. நூல்கள் தரும் அளவு, பூமியின் மையத்திலிருந்து 42,164 கி.மீ.; தரையிலிருந்து 35,786 கி.மீ. காகிதமும் பென்சிலும் கொண்டு இவ்வளவு நெருங்கியதில் எனக்குச் சற்றுக் கர்வம்தான்.

மறுநாள் தாத்தாவிடம் தவறை ஒப்புக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கினேன். "அப்படியானால் நம் ஊருக்கு நேர் மேலேயே ஒன்றை நிறுத்தக் கூடாதா?" என்றார்.

முடியாது. எந்தச் சுற்றுப்பாதையின் தளமும் பூமியின் மையத்தை ஊடுருவியே செல்ல வேண்டும். நம் ஊர் வழியாகச் சாய்ந்து சுற்றும் கோள், நாள்தோறும் வடக்கும் தெற்குமாக ஊசலாடும். நிலநடுக்கோட்டுக்கு மேலே சுற்றுவதற்கு மட்டுமே அசையாத் தோற்றம் வாய்க்கும். 1964-இல் ஏவப்பட்ட சின்காம்-3 முதல் நம் நாட்டின் 1981 ஆப்பிள் வரை, நிலைக்கோள்கள் யாவும் நாடிய பாதை அந்த ஒன்றே.

அங்கும் நிம்மதியில்லை. சூரியனும் சந்திரனும் இழுத்துப் பாதையைச் சாய்த்துவிடும். சிறு உந்திகளை அவ்வப்போது இயக்கித் திருத்த வேண்டும்.

"எண்ணெய் தீர்ந்தால்?" என்றார் தாத்தா.

1982 ஏப்ரலில் ஏவப்பட்ட இன்சாட்-1ஏ, செப்டம்பரிலேயே எரிபொருள் தீர்ந்து கைவிடப்பட்ட கதையைச் சொன்னேன். இப்போதெல்லாம் மிச்ச எரிபொருள் இருக்கும்போதே கோளைச் சுமார் 300 கி.மீ. மேலே தள்ளி, மற்றவற்றுக்கு வழிவிடச் செய்கிறார்கள் என்றும் சொன்னேன்.

"அப்போது நம் குடை?"

"வேறொரு கோளைப் பார்க்கத் திருப்பி வைக்க வேண்டியதுதான், தாத்தா."