இரவில் கதவைத் தட்டுவது யார்?

நீலகிரி மாவட்டத்து ஜெகதளாவில் முதல்நிலை மீட்பாளராகப் பெயர் கொடுத்திருக்கும் தம்பிக்கு,

பயிற்சி வகுப்பில் சுனாமியையும் வெளிநாட்டு நிலநடுக்கங்களையும் காட்டுவார்கள். கவனமாகப் பார். ஆனால் உனக்கான முதல் பாடம் பக்கத்துக் கேத்தியில் இருக்கிறது. 2009 நவம்பர் 10 அன்று பதிவான கணக்குப்படி, அங்கே 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை கொட்டியது. சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கும் மேல் அது. அந்தச் சில நாட்களில் மாவட்டமெங்கும் ஆயிரத்துக்கும் அதிகமான இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மழையை மட்டும் குற்றம் சொல்லக்கூடாது. சரிவைச் செங்குத்தாக வெட்டி வீடு கட்டினால் மேலுள்ள மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும். ஓடையை மூடினால் தண்ணீர் மண்ணுக்குள்தான் இறங்கும். ஊறிக் கனத்த மண் ஒரு கட்டத்தில் அப்படியே வழுக்கிவிடும். நீலகிரியில் 283 இடங்களை அபாயப் பகுதிகள் என்று மாவட்ட நிர்வாகம் குறித்து வைத்திருக்கிறது. உன் பக்கத்து இடங்களை நடந்தே பார்த்துவிட்டு வா.

குறித்து வைத்தால் மட்டும் உயிர் பிழைக்காது என்பதற்கு இலங்கையின் கொஸ்லந்தை சாட்சி. அங்கே மீரியபெத்தை தோட்டம் ஆபத்தானது என்று 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தார்கள். மாற்று வீடும் நிலமும் கைக்கு வராத தோட்டத் தமிழர்கள் வேறு எங்கே போவார்கள்? 2014 அக்டோபர் 29 காலையில் லயன் எனப்படும் வரிசை வீடுகள் மண்ணுக்குள் போயின. போக ஓர் இடத்தைக் காட்டாத எச்சரிக்கை பாதி வேலைதான்.

கேரளத்தின் மூணாறு பெட்டிமுடியில் நடந்தது இன்னொரு விதம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை இறங்கியபோது மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. மறுநாள் காலையில்தான் வெளியே சேதி தெரிந்தது. பலியான 70 பேரில் பலர் கயத்தாறு பக்கத்திலிருந்து தேயிலை பறிக்கப் போன குடும்பத்தினர். ஆகவே, தம்பி, அலைபேசியை நம்பித் திட்டம் போடாதே. எந்த லயனில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, நள்ளிரவில் அந்தக் கதவைத் தட்டப்போவது யார், எல்லோரும் ஒதுங்கப்போகும் பள்ளிக்கூடத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வை.

வெளியிலிருந்து படை வந்து சேரும்வரை அக்கம்பக்கத்தாரே படை. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் பக்கத்துக் காட்டேரி நஞ்சப்பசத்திரத்தில் விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தபோது, முதலில் குடத்தோடும் வாளியோடும் ஓடியவர்கள் அந்த ஊர் மக்கள்தான். காயம்பட்டவர்களைத் தூக்கத் தங்கள் வீட்டுப் போர்வைகளைக் கொடுத்தார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே பயிற்சியும் ஒரு ஸ்ட்ரெச்சரும் கிடைத்திருக்க வேண்டும். உன் ஊருக்கு அதைக் கேட்டு வாங்கு.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு ராத்திரி, விளக்குகளை அணைத்துவிட்டு, எல்லோரையும் அந்தப் பள்ளிக்கூடம்வரை ஒருமுறை நடக்க வைத்துப் பார். அவசர எண் 1077-ஐ ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் எழுதிவிடு.