டிராமோடு சேர்ந்து வந்த கலை

தெருவில் பதித்த தண்டவாளத்தில் மின்சாரத்தால் ஓடும் சின்ன ரயில்தான் டிராம். பிரான்சின் தெற்கே, கடலோரம் உள்ள நீஸ் நகரில் பழைய டிராம் 1953-ல் நின்றுபோனது. 2007 நவம்பரில் புதிய டிராம் வந்தது. தொடங்கும்போது நீளம் 8.7 கி.மீ., நிறுத்தங்கள் 21.

இதில் என்ன விசேஷம்? வேலை எல்லாம் முடிந்த பிறகு 'மூலையில ஒரு சிலை வைப்போம்' என்று அவர்கள் விடவில்லை. திட்டம் போடும்போதே பத்துக்கும் மேற்பட்ட கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டார்கள்.

1. எழுத்து: நிறுத்தங்களின் பெயர்கள் அச்செழுத்தில் இல்லை, கையெழுத்தில் இருக்கின்றன! எழுதியவர் அந்த ஊரிலேயே வாழ்ந்த ஓவியர் பென். 2024-ல் அவர் காலமானார். அவர் எழுத்து இன்னும் வழி காட்டுகிறது.

2. ஒலி: அடுத்த நிறுத்தத்தின் பெயரை வெறுமனே அறிவிக்காமல் இசையொலியோடு சேர்த்துச் சொல்கிறார்கள். அமைத்தவர் மிஷேல் ரெடோல்ஃபி என்ற இசையமைப்பாளர். கண் தெரியாதவருக்கும் இது கலைதானே!

3. கம்பி: டிராமுக்கு மேலே மின்கம்பி வேண்டும். ஆனா மசேனா, கரிபால்டி என்ற இரண்டு அழகான சதுக்கங்களில் கம்பியே கட்டவில்லை. அங்கே மட்டும் டிராம் பேட்டரியில் ஓடும்படி செய்தார்கள். கார்னிவல் திருவிழாவின் உயரமான அலங்கார வண்டிகளுக்கும் தடை இல்லை.

4. ஒளி: கம்பி இல்லாத அந்த மசேனா வானத்தில், உயரக் கம்பங்களின் மேல் ஏழு மனித உருவங்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஏழு கண்டங்களுக்கு ஏழு பேர். இரவில் நிறம் மாறி மாறி ஒளிரும். செய்தவர் ஸ்பெயின் நாட்டுச் சிற்பி ஜாவ்மே பிளென்சா.

'கலைக்கு எதுக்குங்க வீண் செலவு?' என்று சிலர் கேட்கலாம். பெயர்ப்பலகை எப்படியும் வேணும், அறிவிப்பும் எப்படியும் வேணும். அதையே கலைஞரிடம் கொடுத்தால் வேலையும் நடக்கும், அழகும் வரும். அருங்காட்சியகம் போக நேரம் வேணும், சில இடங்களில் காசும் வேணும். டிராம் நிறுத்தமோ வேலைக்குப் போறவர், பாட்டி, பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் பொது. அவர்கள் கலையைத் தேடிப் போக வேண்டாம். தினமும் அவர்கள் வழியிலேயே அது இருக்கிறது.

சிந்திக்க: எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு 'இதுதான் உங்க பஸ் நிறுத்தம்' என்று எப்படித் தெரியப்படுத்துவீங்க? வரைந்து கொண்டுவாங்க!